பாட்டு ஒரு லட்சம் பவுண்ட், பாடியவருக்கு?

1973 செப்டம்பர் 23, ஞாயிறு அதிகாலை 2 மணி. ஊரே உறங்கும் அந்த நேரத்தில் இங்கிலாந்தின் விகன் நகரில் ஒரு பழைய நடன மண்டபத்தின் கதவு திறந்தது. அடுத்த எட்டு ஆண்டுகள் ‘விகன் கேசினோ’ என்றால் வடக்கு இங்கிலாந்து இளைஞர்களுக்குக் கோயில் மாதிரி. சுரங்கத்திலும் ஆலையிலும் வாரமெல்லாம் உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவானால் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து குளிரில் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளே மது கிடையாது. காலை 8 மணிவரை ஆட்டம்தான்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜோடி சேர்வதில்லை, அவரவர் தனியாகத்தான் ஆடுவார்கள். தொளதொளப்பான பேன்ட், தோல் அடி வைத்த ஷூ. தோள்பையில் மாற்றுச் சட்டையும் ஒரு டப்பா டால்கம் பவுடரும் இருக்கும். கேரம் போர்டில் பவுடர் போடுவதுபோல மரத்தரையில் தூவிவிட்டு, வழுக்கிக்கொண்டே சுழல்வார்கள். சுழன்று, பின்பக்கமாகச் சரிந்து கையூன்றி, அடுத்த தாளம் விழுவதற்குள் எழுந்து நிற்பார்கள். பாட்டில் குறிப்பிட்ட இடம் வந்ததும் மண்டபமே ஒரே நேரத்தில் கைதட்டும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

ஒலித்ததெல்லாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை. அதிலும், சொந்த ஊரிலேயே விலைபோகாத பாட்டுகள். 1960களில் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் சின்னச் சின்ன கம்பெனிகள் போட்ட 45 ஆர்.பி.எம். இசைத்தட்டுகள் வானொலியில் எடுபடாமல் கிடங்குகளில் தூசி படிந்து கிடந்தன. அமெரிக்கா வேறு இசைக்கு மாறிய பிறகும், வடக்கு இங்கிலாந்துக்கு அந்தப் பழைய வேகத் தாளம்தான் வேண்டியிருந்தது. டி.ஜே.க்கள் கடல் தாண்டிப் போய்த் தேடி எடுத்து வந்தார்கள். நல்ல தட்டு சிக்கினால், போட்டியாளருக்குத் தெரியக் கூடாதென்று லேபிளை மறைத்து, பாடகருக்குப் பொய்ப் பெயர் வைப்பார்கள்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். பாடியவரின் பெயரையே மறைத்துவிட்டு அவர் பாட்டைக் கொண்டாடினார்கள்.

விகனில் ஒவ்வோர் இரவும் 8 மணிக்கு முன் அதே மூன்று பாட்டுகளோடுதான் முடியும். அவற்றில் ஒன்றைப் பாடியவர் ஜிம்மி ராட்கிளிஃப். அவர் இறந்தது 1973 ஜூலையில், 36 வயதில். மண்டபம் திறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் கண்ணீரோடு பாடிய பாட்டு அது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்றைப் பாடிய நியூயார்க் பாடகர் டீன் பாரிஷ் உயிரோடுதான் இருந்தார். அட்லான்டிக்கின் மறுகரையில் தனக்கு இத்தனை ரசிகர்கள் என்ற சேதி அவரை எட்டவே பல ஆண்டுகள் ஆயின.

நேரில் வந்து பாடியவர்களுக்காவது கையில் கொஞ்சம் காசும் காதில் கைதட்டலும் கிடைத்தன. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் ‘டார்ச்’ என்ற கிளப்பில் 1972 டிசம்பரில் பாடகர் மேஜர் லான்ஸ் பாடியது ஆல்பமாகவே வெளிவந்தது. அமெரிக்காவில் அவருடைய ஹிட்டுகள் வந்து பத்து வருடம் ஆகப்போகிறது. இங்கே ஒரு வரியை அவர் தொடங்கினால் அடுத்ததைக் கூட்டம் முடிக்கிறது. மான்செஸ்டரின் ‘ட்விஸ்டட் வீல்’ கிளப் மேடையில் ஜூனியர் வாக்கர் சாக்ஸபோன் வாசித்தார். பாடகர் எட்வின் ஸ்டார் இங்கிலாந்திலேயே குடியேறி, 2003-இல் அங்கேயே மறைந்தார்.

ஆனால், மேடை கிடைத்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் தட்டுகளாகவே இருந்தார்கள். அந்தத் தட்டுகளுக்கு இன்று என்ன விலை தெரியுமா? 1965-இல் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் ஃபிராங்க் வில்சன் பாடிய ஒரு பாட்டு, கடைக்கு வராமலே நிறுத்தப்பட்டது. தப்பிய பிரதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விகனில் அதுவும் பொய்ப் பெயரில்தான் முதலில் ஒலித்தது. 1981 டிசம்பர் 6 அன்று கேசினோ மூடப்பட்டபோது கடைசியாகப் போட்ட தட்டும் அதுவே. ஒரு பிரதி 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. 2020-இல் விலை ஒரு லட்சம் பவுண்ட்! வில்சனாவது பின்னாளில் பெரிய தயாரிப்பாளர் ஆனார். ஓரிரு தட்டோடு காணாமல் போனவர்களின் கதி?

தேடித் திரிந்த சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகளே அழிந்திருக்கும் என்கிறார்கள். அது உண்மைதான். காப்பாற்றியவருக்கு மரியாதை உண்டு. அதற்காகப் பாடியவரை மறந்துவிடலாமா? அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால், எழுதியவருக்குப் பணம் போகும். பாடியவருக்கு இன்றும் கிடையாது. பழைய தட்டு கைமாறும்போதும் அவருக்குச் சல்லிக்காசு இல்லை.

விகன் கேசினோ தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இன்று வணிக வளாகம். அந்த நாட்களின் நினைவாக ஆவணப்படங்களும் புத்தகங்களும் வந்தபடி இருக்கின்றன. பழைய ரசிகர்கள் இன்னும் பவுடரோடு கூடி ஆடுகிறார்கள். அந்தப் படங்களிலும் புத்தகங்களிலும் பெரும்பாலும் நாயகர்கள் ஆடியவர்களும் டி.ஜே.க்களும்தான்.

இத்தனைக்கும் பாடியவருக்குப் பங்கு தர வழி பிரிட்டன் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிட்டனில் ஓர் ஓவியம் ஏலக்கூடம் அல்லது கலைக்கூடம் வழியாக மறுவிற்பனையானால், ஓவியருக்கு நான்கு சதவீதம் வரை பங்கு தர வேண்டும் என்று 2006 முதல் சட்டம் உண்டு. அவர் மறைந்துவிட்டால் வாரிசுகளுக்குப் போகும். லட்சம் பவுண்டுக்கு விற்கும் இசைத்தட்டுக்கும் அந்தச் சட்டத்தை நீட்டுங்கள். பாடியவர்களில் பலர் போய்விட்டார்கள், பிள்ளைகளாவது இருக்கிறார்கள்.