கட்டிக்குள் நிகழும் போர்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் உள்ளம் அறுவையையும் கதிர்வீச்சையும் கடும் மருந்துகளையும் எண்ணி நடுங்குகிறது. இவை யாவும் வெளியிலிருந்து வரும் துணைகள். இவை வந்து சேருமுன்பே நம் உடல் தன் சொந்தப் படையைக் கொண்டு அந்நோயை எதிர்த்துப் போரிடுகிறது என்பதைப் பலர் அறியார். அப்படை எவ்வாறு போரிடுகிறது, ஏன் தோற்கிறது என்பதைக் காண்போம்.

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் 'டி' அணுக்கள் என்பவை ஒரு வகை. உடலின் பெரும்பாலான உயிரணுக்கள், தம்முள் உருவாகும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. நெல் வணிகன் கடை வாயிலில் மாதிரி வைப்பதுபோல் என்று கூறலாம். டி அணுக்கள் அம்மாதிரிகளைச் சோதித்தவாறே உலவுகின்றன. மரபுப் பொருள் திரிந்து புற்றணுவாகிவிட்ட ஒன்று, வழக்கத்துக்கு மாறான துணுக்கைக் காட்டிவிட்டால் அகப்பட்டுக்கொள்ளும். டி அணு அதனோடு ஒட்டிக்கொண்டு, அதன் சவ்வைத் துளைக்கும் புரதத்தையும், அதனைத் தானே மடியச் செய்யும் நொதிகளையும் செலுத்துகிறது. பின்னர் அடுத்த பகையைத் தேடிச் செல்கிறது.

பெருங்குடல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்த ழெரோம் காலோன் என்ற பிரெஞ்சு அறிஞரின் குழுவினர், 2006-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். கட்டிக்குள் டி அணுக்கள் எவ்வளவு அடர்ந்துள்ளன என்பது, நோயாளி எத்துணைக் காலம் வாழ்வார் என்பதை, கட்டியின் பரவலைக் காட்டிலும் நன்கு உணர்த்தியது.

படை உள்ளேயே இருந்தும் கட்டி வளர்வது எங்ஙனம்? விடை வியப்பளிப்பது. வெறி கொண்டு நம் உடலையே தாக்கிவிடாதபடி டி அணுக்களுக்கு இயற்கை ஒரு மூக்கணாங்கயிறு பூட்டியிருக்கிறது. 'பி.டி.-1' என்பது அத்தகைய கயிறுகளுள் ஒன்று. சூழ்ச்சி மிக்க புற்றணு, அக்கயிற்றை இழுக்கும் புரதத்தைத் தன்மேல் தாங்கி நிற்கிறது; வந்த காளை அடங்கிவிடுகிறது. போதாக்குறைக்குக் கட்டியினுள் உயிர்வளியும் சர்க்கரையும் அருகி, அமிலம் மிகுகிறது. நெடுநாள் போரிட்ட அணுக்கள் அயர்ந்துபோகின்றன.

ஆகவே குறை படையின் எண்ணிக்கையில் மட்டுமன்று. 'எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்' என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளும் லேகியங்களும் இந்தக் கயிற்றை அவிழ்ப்பதில்லை. அவற்றை நம்பி மருத்துவரிடம் செல்லக் காலந்தாழ்த்துவோரை எண்ணி நாம் வருந்துகிறோம்.

ஜப்பானியரான தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம் 1992-இல் பி.டி.-1 புரதத்தைக் கண்டறிந்தது. அமெரிக்கரான ஜேம்ஸ் அல்லிசன், மற்றொரு கயிற்றைத் தளர்த்தினால் எலிகளின் கட்டிகள் மறைவதை 1996-இல் காட்டினார். அவ்வழியில் பிறந்த முதல் மருந்து 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இருவரும் 2018-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எனினும் இம்மருந்துகள் எல்லார்க்கும் பயன்படுவதில்லை. கயிறு அவிழ்ந்த காளை குடலையும் நுரையீரலையும் தைராய்டு சுரப்பியையும் முட்டுவதும் உண்டு.

மற்றொரு முறை, நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்து, பகையை இனங்காணும் கருவியைப் பொருத்தி, மீண்டும் உடலிற் செலுத்துவது. மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அந்நகரத் தமிழர் நன்கறிந்த டாட்டா நினைவு மருத்துவ நிலையமும் கூடி உருவாக்கிய இத்தகைய சிகிச்சைக்கு 2023-இல் நம் நாட்டில் ஒப்புதல் கிடைத்தது. மேலைநாட்டு விலையினும் இது மிகக் குறைவே. ஆயினும் பல லட்சம் ரூபாய் ஆகிறது, நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதன்று. மேலும், இது குறிப்பிட்ட சில இரத்தப் புற்றுகளுக்கும் நிணநீர்ப் புற்றுகளுக்கும் உரியது. குருதியில் திரியும் பகையை வீழ்த்தும் இவ்வணுக்கள், திடமான கட்டிக்குள் நுழைந்ததும் மேற்சொன்ன கயிற்றுக்கும் அமிலத்துக்கும் ஆட்பட்டுச் சோர்கின்றன. அந்தச் சூழலிலும் அயராத அணுக்களை உருவாக்கும் முயற்சியிலேயே விஞ்ஞானிகள் பலர் இன்று ஈடுபட்டுள்ளனர்.