நாலு மணிப் பசியும் கண்ணாடிப் பெட்டியும்

வாஷி இரயில் நிலையத்தில் இறங்குவோர் நிமிர்ந்து நோக்கினால், நிலையத்தின் தலைமீதே அலுவலக மாடங்கள் எழுந்து நிற்கக் காண்பர். 1970-இல் சிட்கோ நிறுவனம் தோன்றிய காலத்தில் இப்பகுதியில் சதுப்பும் உப்பளமும் சிற்றூர்களுமே மிகுந்திருந்தன. 1992-இல் மான்குர்திலிருந்து கடற்கழியைக் கடந்து இரயில் இங்கு வந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த நம்மவர் பலர் இக்கரைக்குக் குடிபெயர்ந்தனர். அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளும் இன்று இம்மாடங்களிலும், அருகேயுள்ள துர்பே, மஹாபே தொழிற்பகுதிகளிலும் பணிபுரிகின்றனர்.

அத்தகைய அலுவலகம் ஒன்றிற்கு, நண்பர் ஒருவரைக் காண அண்மையில் சென்றிருந்தோம். பிற்பகல் நாலு மணி. இடைகழியின் ஓரத்தில் கண்ணாடி முகப்புடைய தானியங்கி விற்பனை இயந்திரம் ஒன்று விளக்கொளியுடன் நின்றது. கைப்பேசியால் பணம் செலுத்தி எண்ணை அமுக்கினால், கம்பிச் சுருள் ஒன்று மெல்லச் சுழன்று பண்டத்தை முன்னே தள்ளுகிறது. அது தொப்பென்று கீழே விழுகிறது. நாம் தட்டு தட்டாக நோக்கினோம். உருளைக்கிழங்கு வறுவல், கிரீம் பிஸ்கோத்து, சாக்லெட், குளிர்பானம், மாம்பழப் பானம் இவையே எங்கும் நிறைந்திருந்தன. சர்க்கரையும் எண்ணெயும் கலவாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது தண்ணீர்ப் புட்டி. அதனையும் குனிந்து தேட வேண்டிய கடைசித் தட்டில் வைத்திருந்தனர்.

"நாலு மணிக்கு எங்களுக்கு இதுதான் சமையலறை" என்று நண்பர் புன்னகையுடன் கூறினார். அவருக்கு வயது முப்பத்தாறு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துவிட்டதென்று சென்ற ஆண்டுதான் மருத்துவர் எச்சரித்தார். அவர் புன்னகையில் நம்மால் பங்கு கொள்ள இயலவில்லை.

நாலு மணிப் பசி வெறும் நாவின் ஆசையன்று. காலை ஏழரைக்கு வீட்டை விட்டுப் புறப்படுபவர், நண்பகலில் டப்பாவைத் திறந்து உண்கிறார். வீடு திரும்பும்போது இரவு எட்டு மணியாகிறது. இடையே உள்ள ஏழெட்டு மணி நேரத்திற்கு உடல் எரிபொருள் கேட்பது இயற்கையே. கேட்பது தவறன்று, அதற்கு நாம் எதைத் தருகிறோம் என்பதே வினா.

முற்காலத்தில் மும்பைக்கு வந்த நம்மவர்க்கும் இப்பசி இருந்தது. அதனைத் தீர்க்கவே மாட்டுங்காவில் உணவு விடுதிகள் எழுந்தன. 1942-இல் ஏ. ராமநாயக் அங்கே தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங் இன்றும் புகழோடு விளங்குகிறது. அத்தகைய விடுதிகளில் பரிமாறுபவர் உண்பவரின் முகத்தை அறிவார். நேற்று வயிறு சரியில்லை என்றவருக்கு இன்று மோரை ஒரு கரண்டி கூட்டி ஊற்றுவார். இயந்திரத்திற்கோ கண் இல்லை. நீரிழிவுக்காரரும் இருபது வயது இளைஞரும் அதற்கு ஒன்றே. ஆகவே, அதனை நிரப்புவோர்தாம் உண்பவரை எண்ணிப் பார்த்து நிரப்புதல் வேண்டும்.

கணக்குப் பார்ப்போம். உடல் நலத்திற்கு உகந்தபடி வாழ விரும்புவோர், சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி அளவுக்குள் நிறுத்துவது மேலும் நன்மை தரும் என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. வழக்கமான கோலா பானத்தின் 100 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் சர்க்கரை உண்டு. 300 மில்லி லிட்டர் புட்டி ஒன்றைப் பருகினால், அந்நாளைய அளவு அத்துடன் தீர்ந்து, மிகுந்தும் போகிறது. பழத்தின் பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் பலவும் இதில் கோலாவுக்கு இளைத்தவையல்ல. உருளைக்கிழங்கு வறுவலிலோ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயே.

இந்தியருக்கு இக்கணக்கு ஏன் முக்கியம்? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதன் வாயிலிலும் நிற்பதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. மேலைநாட்டாரைக் காட்டிலும் இளவயதிலேயே, உடல் அவ்வளவு பருக்காத நிலையிலேயே, இந்நோய் நம்மவரைப் பற்றுகிறது. குடும்பத்தின் ஊதியம் ஒருவர் தோளில் நிற்கும் வீட்டில், அவருக்கு நாற்பதில் வரும் நோய் அவ்வீட்டார் அனைவருக்குமே வரும் நோய் ஆகிறது.

கண்ணாடிப் பெட்டியின் அருகிலேயே மற்றோர் இயந்திரம் நின்றது. அது தேநீர் தருவது; காசு வேண்டாம். நாம் நின்றிருந்த வேளையில், பன்னிரண்டு மணி நேரக் காவல் பணியிலிருந்த முதியவர் ஒருவர் வந்து கோப்பையை நிரப்பினார். அன்று அது எத்தனையாவது கோப்பை என்று வினவினோம். "ஐந்தாவது" என்றார். "கீழே போய் வடா பாவ் வாங்கினால் காசு, இது இலவசம், பசியும் அடங்குகிறது" என்று இந்தியில் எளிமையாகச் சொன்னார்.

இப்பேச்சு நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில் தேயிலை, பால்பொடி, சர்க்கரை மூன்றும் கலந்த ஆயத்தப் பொடியே இடப்படுகிறது. சர்க்கரையை வேண்டாமென்று சொல்ல வழியே இல்லை. ஒரு கோப்பைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி எனக் கொண்டாலும், நாலு கோப்பையிலேயே ஆறு தேக்கரண்டி நிறைந்துவிடும். அலுவலகத்தில் எவருடைய ஊதியம் மிகக் குறைவோ, அவரே இந்த இலவசச் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்கிறார். மேலதிகாரி வீட்டிலிருந்து பாதாம் பருப்பு கொண்டு வரலாம். காவலாளிக்கு வாய்த்தது இதுவே.

"நாவை அடக்குவது அவரவர் பொறுப்பு, இயந்திரத்தைக் குறை கூறுவானேன்?" என்று கேட்பாருளர். நாவடக்கம் நன்றே, நம் முன்னோரும் அதனையே போற்றினர். ஆயினும் நல்ல பொருள் கைக்கு எட்டாத இடத்தில் நாவடக்கம் என்பது பட்டினிக்கு மறுபெயரே ஆகும். மேலும், பெட்டியை மாற்றினால் மக்கள் தேர்வும் மாறும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பன்னிரண்டு பள்ளிகளிலும் பன்னிரண்டு பணியிடங்களிலும் இருந்த இத்தகைய இயந்திரங்களில் ஒரு சோதனை நிகழ்ந்தது. அதன் முடிவு 2001-இல் வெளியாயிற்று. கொழுப்புக் குறைந்த சிற்றுண்டிகளின் விலையை 10 சதவிகிதம் குறைத்தபோது அவற்றின் விற்பனை 9 சதவிகிதம் கூடியது. 25 குறைத்தபோது 39 கூடியது. பாதியாகக் குறைத்தபோது 93 கூடியது. இயந்திரத்திற்குக் கிடைத்த சராசரி இலாபமோ பாதிக்கப்படவில்லை. வணிகர் அஞ்ச வேண்டுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் உணவகத்தில் 2010-இல் பண்டங்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் இட்டனர். பின்னர்த் தண்ணீர் முதலியவற்றைக் கண்ணுக்கு நேரே, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தனர். தண்ணீர்ப் புட்டிகளின் விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயர்ந்தது. கடைசித் தட்டில் கிடந்த புட்டியை நினைவு கூர்க.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரக்குறியிடும் முறை 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை மிகுந்த டி வகைப் பானங்களுக்கு விளம்பரமும் தடுக்கப்பட்டது. முறை வரும் என அறிந்ததுமே பான நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கிவிட்டன. புட்டியில் அடைத்து விற்கும் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017-இல் 7.1 சதவிகிதமாக இருந்தது, 2023-இல் 4.6 ஆகத் தாழ்ந்தது.

நம் நாட்டிலும் விழிப்பு அரும்பியுள்ளது. பள்ளிகளிலும் அவற்றைச் சுற்றி 50 மீட்டர் எல்லையிலும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்றலாகாது என 2020-இல் விதி வகுத்தனர். 2025 ஜூன் திங்களில் மத்திய சுகாதாரத் துறை, அலுவலகங்களின் உணவகங்களிலும் கூடங்களிலும் எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு அரசுத் துறைகளுக்கு எழுதியது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை முத்திரை வந்துவிட்டதெனச் செய்தி பரவவே, அப்படியொன்றும் இல்லை, இது நல்ல தேர்வுக்கான அறிவுரையே என அரசு விளக்கமும் தந்தது.

அறிவுரைப் பலகை நல்லதே. ஆனால் பலகையைப் படித்துவிட்டுத் திரும்புபவர் கண்ணில் அதே பழைய பெட்டிதான் படுமானால், பலகையால் யாது பயன்? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்க வழி வகுத்தது. 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணிக்கையை நூறாகக் குறைத்தது. முப்பது, நாற்பது பேர் வேலை செய்யும் சிற்றலுவலகங்களுக்கோ இயந்திரமே உணவகம். ஆதலின் அங்குதான் பெட்டிக்குள் இருப்பது பெரிதும் முக்கியமாகிறது.

இயந்திரத்தில் எவற்றை வைக்கலாம்? இதில் வாஷியைப் போல் வாய்ப்புப் பெற்ற ஊர் அரிது. மும்பையின் மொத்தச் சந்தைகள் 1980-களிலும் 1990-களிலும் இங்குப் பெயர்ந்து வந்தன. பழமும் காய்கறியும் தானியமும் நாள்தோறும் வண்டி வண்டியாக இறங்கும் சந்தை கூப்பிடு தூரத்தில் இருக்க, நம் அலுவலகங்களில் ஒரு வாழைப்பழம் கிடைப்பதில்லை! கம்பிச் சுருளிலிருந்து விழுந்தால் வாழைப்பழம் நசுங்கும் என்பது மெய்யே. அதற்கென இயந்திரம் தேட வேண்டாம். பெட்டியின் பக்கத்தில் ஒரு கூடையும் ஓர் உண்டியலும் போதும்.

சுருளில் விழத்தக்கவையும் பல உண்டு. வறுத்த கொண்டைக்கடலை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, எண்ணெயில் பொரிக்காத பொரி, குளிர்ந்த தட்டில் இனிப்பிடாத மோர் ஆகியவை நம் நாவுக்குப் புதியவை அல்ல. கொண்டைக்கடலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். அது பசியை நெடுநேரம் தாங்கும். ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும்: சிறுதானியம் என்று பெயரிட்டு எண்ணெயில் பொரித்ததும், பழம் என்று பெயரிட்டுச் சர்க்கரை கரைத்ததும் மாறுவேடம் பூண்ட பழைய பண்டங்களே. முன்பக்கத்துப் படத்தை நம்பாது, பின்பக்கத்துச் சிற்றெழுத்தைப் படித்தல் வேண்டும். செயற்கை இனிப்பூட்டிகளையும் எடைக் கட்டுப்பாட்டுக்கு நம்பற்க என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியுள்ளது.

இவற்றை எவர் செய்விப்பது? நாமே. இயந்திரத்தை வைத்திருப்பவர் அலுவலகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டே வைத்திருக்கிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலத்தில் பத்துப் பேர் கையொப்பமிட்டு நிர்வாகத்திற்கு ஒரு கடிதம் தரலாம். கேட்க வேண்டுவன நான்கே. தட்டுகளில் பாதியேனும் நற்பண்டங்கள் இருக்கட்டும். அவை கண்ணுக்கு நேரே இருக்கட்டும். அவற்றின் விலை வறுவலின் விலையைவிட ஓரிரு ரூபாயேனும் குறைந்திருக்கட்டும். தேநீர்ப் பொடி சர்க்கரையின்றி வரட்டும். வேண்டுவோர்க்குச் சர்க்கரைப் பொட்டலம் அருகில் இருக்கட்டும். வறுவலை அறவே ஒழிக்கச் சொல்லவில்லை; விரும்புவோர் வாங்கட்டும். நல்லதைத் தேடுபவருக்கு நல்லது கிடைக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அக்கடிதத்தில் நம்மைப்பற்றி மட்டும் எழுதாது, காவலாளியையும் துப்புரவுப் பணியாளரையும் எண்ணி ஒரு வரி சேர்த்தல் நன்று. இலவசத் தேநீரோடு ஒரு கைப்பிடி கடலையும் இலவசமாக வைத்தால் நிறுவனத்தின் கருவூலம் வற்றிவிடாது. அவர்களால் கேட்க இயலாது. கேட்கும் நிலையில் உள்ள நாம் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இல்லத்தாய்மார்க்கும் ஒரு சொல். நண்பகல் டப்பாவோடு நாலு மணிக்கென ஒரு சிறு சம்படம் அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததே. சுண்டலோ வேகவைத்த கடலையோ அதில் இருக்கும். அதனை மீண்டும் தொடங்கலாம். அனுப்பும் பொறுப்பை ஆடவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அலெக்ஸாண்டிரியா நகரத்தில் ஹீரோ என்னும் அறிஞர் ஒரு பொறியை விவரித்து எழுதினார். கோயில் வாயிலில் காசு இட்டால், அதன் எடையால் நெம்புகோல் தாழ்ந்து அடைப்புத் திறக்கும். சிறிது தண்ணீர் வெளிவரும். நாம் அறிந்தவற்றுள் மிகப் பழைய தானியங்கி விற்பனைப் பொறி அதுவே. அது தந்தது தூய நீர். பொறி அன்றும் இன்றும் ஒன்றே. நாம் உள்ளே இடுவதைத்தான் அது வெளியே தரும். அடுத்த முறை நண்பரைக் காணச் செல்லும்போது, அந்தக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு தட்டேனும் மாறியிருக்கக் காண விழைகிறோம். கடிதம் எழுத அவர் இசைந்துள்ளார். வாசக அன்பர்களும் தத்தம் அலுவலகங்களில் முயல்வார்களாக.