மின்விசையிற் பிறந்த பண்கள்

1985ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆங்கில நாட்டின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஒரு தட்டு முதலிடத்தைப் பெற்றது. அதன் பெயர் ‘மிஸ்பிளேஸ்ட் சைல்ட்ஹூட்’; ‘இடந்தவறிய பிள்ளைப்பருவம்’ என்று தமிழிற் கூறலாம். அதனை வெளியிட்டவர்கள் ‘மரிலியன்’ என்னும் குழுவினர். மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் ஆடற்பாட்டுகளே ஆட்சி செலுத்திய அக்காலத்தில், ஒரு பக்கம் முழுவதும் இடையீடின்றித் தொடர்ந்தோடும் பாட்டுகளைக் கொண்ட ஒரு தட்டு இவ்விடத்தை எய்தியது விந்தையே. அதனினும் விந்தை யாதெனின், இவ்வகை இசை இறந்துபட்டதென்று அந்நாட்டு இசைப் பத்திரிகைகள் பல அதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே முடிவுகட்டியிருந்தமையாகும்.

எவ்வகை இசை அது என்று வாசகர் வினவுவர். 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஆங்கில இளைஞர் சிலர், ‘றொக்’ என்னும் துள்ளிசையை மேனாட்டுச் செவ்விசையின் விரிவோடு இணைக்க முற்பட்டனர். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ் முதலிய குழுக்கள் அவ்வழி வந்தவை. அவ்விசைக்கு ‘புறொகிரசிவ் றொக்’ என்று பெயர். ‘முற்போக்கு’ என்று அதனை மொழிபெயர்க்கலாம். ஆயின் அச்சொல்லிலே நம்மிடையே அரசியல் வாடை வீசுவதால், ‘வளர்நெறி இசை’ என்று இக்கட்டுரையில் வழங்குவோம். ஒரே உருப்படி 20 நிமிடம் நீள்வது அதில் உண்டு. இராகம் தானம் பல்லவி கேட்டுப் பழகிய நமக்கு அந்நீளம் அச்சந்தரக் கூடியதன்று. ஆங்கில நாட்டிலோ 1976, 1977ஆம் ஆண்டளவில் ‘பங்க்’ என்னும் முரட்டுக் குறும்பாட்டுகள் எழுந்து, நீண்ட உருப்படிகளையும் பகட்டான மேடைகளையும் எள்ளி நகையாடின. அவ்வெள்ளலில் நியாயம் ஒரு பாதி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேட்போரை மறந்து தம் விரல்வேகத்தையே காட்டிய வித்துவான்கள் அங்கும் இருந்தனர்.

மறுபாதியை மெய்ப்பித்தவை எண்பதுகளில் வந்த சில இசைத்தட்டுகள். அவற்றின் உயிர்நிலை ‘சிந்தசைசர்’ எனப்படும் மின்னிசைக் கருவியாகும்.

அதற்கு ஆர்மோனியத்தைப் போன்ற கட்டைகள் உண்டு. ஆயின் உள்ளே உலோக நாக்குகளும் இல்லை, துருத்தியும் இல்லை. மின்னழுத்தம் ஒரு விநாடியிற் பன்முறை ஏறியிறங்கும்படி செய்யப்படுகின்றது. அவ்வதிர்வே ஒலிபெருக்கி வழியாகச் சுரமாகின்றது. அவ்வாறு பிறந்த ஒலி முதலிற் கரடுமுரடாகவே இருக்கும். வடிகட்டியொன்று அதன் மிகைக் கூர்மையை அகற்றுகின்றது. பிறிதோர் உறுப்பு, ஒலி எத்துணை விரைவில் எழவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எங்ஙனம் ஓயவேண்டும் என்பவற்றை வகுக்கின்றது. சட்டென எழுந்து படிப்படியாக ஓய்ந்தால் நரம்பை மீட்டினாற் போலிருக்கும். மெல்ல எழுந்து நீள நின்றால் வயலின்கள் பல ஒருங்கு சேர்ந்தொலித்தாற் போலிருக்கும்.

அமெரிக்கரான றொபேட் மூக் இத்தகைய கருவியொன்றை 1964ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்தார். தொடக்கத்தில் அது ஆய்வுகூடப் பொறிபோலப் பருத்திருந்தது. மேடைக்குத் தூக்கிச் செல்லத்தக்க ‘மினிமூக்’ 1970ஆம் ஆண்டில் வந்தது. அதில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். குறையென்று தோன்றும் இவ்வியல்பே நம் காதுக்கு இனியது. ஏனெனில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் கருவி, வாய்ப்பாட்டையும் குழலையும் போல, பண்ணையே நாடிச் செல்லும். அன்றியும், இடப்பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் உண்டு. அதனை உருட்டினாற் சுரம் வளையும். ஆர்மோனியத்திற் கமகம் பேசாது என்று நம் இசையறிஞர் நெடுங்காலம் குறைகூறி வந்தனர். கட்டைக் கருவியொன்றிற் சுரம் வளைந்து குழைவதைக் கேட்க விரும்புவோர் இக்கருவியைக் கேட்கலாம்.

பின்னர் 1978இல் ‘புறொபெற் 5’ என்னும் கருவி வந்தது. அதில் ஐந்து சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும். அமைத்த ஒலிகளை நினைவிற் பதித்து வைத்து, பொத்தானை அழுத்தி மீட்கலாம். 1983இல் யப்பானிய யமாஹா நிறுவனம் ‘டிஎக்ஸ் 7’ என்பதை வெளியிட்டது. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சௌனிங் கண்ட முறையை அது தழுவியது. பதினாறு சுரங்களை ஒருங்கே எழுப்ப வல்லது. பெருஞ்செல்வர் கைக்கே எட்டிய ஒலிகள் இவ்வாறு சிற்றூர் இளைஞர் கைக்கும் வந்தன.

மரிலியன் அத்தகைய இளைஞரின் குழுவே. லண்டனுக்கு வடமேற்கேயுள்ள எயில்ஸ்பரி என்னும் ஊரில் 1979இல் அது தோன்றியது. ரோல்கீன் எழுதி, அவர் மறைந்தபின் 1977இல் வெளிவந்த ‘சில்மரிலியன்’ என்ற நூலின் பெயரையே முதலிற் சூடி, பின்னர் சுருக்கிக் கொண்டது. பாடகர் ஸ்கொத்லாந்து நாட்டவரான டெரெக் டிக். ‘பிஷ்’ என்றே உலகம் அவரை அறியும். மின்னிசைக் கட்டைகளை வாசித்தவர் அயர்லாந்திற் பிறந்த மார்க் கெலி. கிற்றார் வாசித்தவர் ஸ்ரீவ் றொதரி. முகத்திற் சாயம் பூசி மேடையேறிய பிஷ்ஷையும், அவர்தம் முதற் பெருந்தட்டான 1983ஆம் ஆண்டின் ‘ஸ்கிரிப்ற் போர் எ ஜெஸ்ரர்ஸ் ரியர்’ என்பதையும் கண்ட விமரிசகர், இது பழைய ஜெனிசிஸின் போலியென்றனர். செல்வாக்கின் சாயல் இருந்தது உண்மை. ஆயின் அத்தட்டின் இறுதிப் பாட்டு வட அயர்லாந்துத் தெருக்களிற் காவல் நின்று மடிந்த இளம் போர்வீரரைப் பற்றியது. தேவதைக் கதைகளில் மயங்கிக் கிடந்தவர்கள் எழுதக்கூடிய பாட்டன்று அது.

‘மிஸ்பிளேஸ்ட் சைல்ட்ஹூட்’ மேற்கு பெர்லினில், நகரைப் பிளந்து நின்ற மதிலுக்கு அண்மையிலிருந்த ஹன்சா ஒலிப்பதிவுக்கூடத்திற் பதிவு செய்யப்பட்டது. அது தொடங்கும் விதமே கவனிக்கத்தக்கது. முழவு இல்லை, கிற்றாரின் ஆரவாரம் இல்லை. கெலியின் கருவியிலிருந்து மெல்லிய ஒலித்திரை ஒன்று விரிகின்றது. அதன்மேல் ஏறத்தாழ முணுமுணுப்பாகப் பாடகர் குரல் எழுகின்றது. இரண்டு நிமிடங்களின் பின், அத்திரை கலையாமலே ‘கேலீ’ என்ற பாட்டின் கிற்றார் தொடங்குகின்றது. தன் தவற்றாற் காதலை இழந்த ஒருவன் மன்னிப்புக் கேட்கும் பாட்டு அது. தனித்தட்டாக வெளிவந்து விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. அதன் பின்னர் ஆங்கில நாட்டிற் பிறந்த பெண்மகவுகள் பலருக்குக் கேலீ என்று பெயரிடப்பட்டது என்றால், அது எத்துணை வீடுகளிற் புகுந்தது என்பதை உய்த்துணரலாம்.

அப்பாட்டை மட்டும் வானொலியிற் கேட்டவர், இனிய காதற்பாட்டொன்றைக் கேட்டவராவர். தட்டிலே கேட்பவர் பெறுவது வேறு. பாட்டு ஓயுமுன்னரே ஒரு பழைய குழந்தைத் தாலாட்டின் சாயல் கொண்ட ‘லவெண்டர்’ வந்து சேர்கின்றது. காதலை இழந்தவனின் மனம் சிறுவயதை நோக்கி ஓடுவது சொல்லாமலே விளங்குகின்றது. இரண்டாம் பக்கத்தில் துயரம் தனியொருவனைக் கடந்து விரிகின்றது. மறைந்த நண்பன், போரிற் கணவனை இழந்த பெண், வெறித்த பார்வையுடைய சிறுவர் என்று காட்சிகள் அடுக்கி வருகின்றன. தன் வருத்தத்தையே பாடிக்கொண்டிருந்தவன் அங்கே திகைத்து நிற்கின்றான். அதன் பின்னரே, பிள்ளைப்பருவம் எங்கும் தொலையவில்லை என்ற தெளிவு பிறக்கின்றது. அத்தெளிவிற்கு முன்னே கிடந்த இருளையும் பின்னே வந்த ஒளியையும் கெலியின் கருவியே பெரும்பாலும் தீட்டுகின்றது. பொறி இங்கே பாடகனை மறைக்கவில்லை. அவன் சொல்லாது விட்டதை அது சொல்கின்றது.

எல்லா இடத்திலும் இவ்வுறவு இனிது நடந்ததென்று கூறமுடியாது. கனடா நாட்டு ‘றஷ்’ குழுவினர் மூவரே. கெடி லீ என்பவர் பாடுவார், தாழ்சுரக் கிற்றார் வாசிப்பார், கட்டைகளையும் வாசிப்பார். கை போதாதபோது காலால் மிதிகட்டைகளை அழுத்திச் சுரம் எழுப்புவார். 1982ஆம் ஆண்டின் ‘சிக்னல்ஸ்’ என்ற தட்டில் மின்னிசை முன்னுக்கு வந்து, அலெக்ஸ் லைப்சனின் கிற்றார் பின்னே ஒதுங்கியது. அவர் இதனால் மனக்குறை கொண்டார் என்பது குழுவினரே பின்னாளிற் பேசிய செய்தி. ஆயினும் அத்தட்டின் முதற்பாட்டான ‘சப்டிவிஷன்ஸ்’ மாணவர் அனைவரும் கேட்கவேண்டிய ஒன்று. ஒரே அச்சில் வார்த்த புறநகர் வீடுகள், பள்ளிக்கூடம், அங்கே கூட்டத்தோடு ஒத்துப்போகாத பிள்ளை தள்ளிவைக்கப்படும் கொடுமை ஆகியவற்றை முழவு வாசித்த நீல் பியர்ட் எழுதினார். தொடக்கத்தில் எழும் கட்டையிசை ஏழெண்ணிக் கணக்கில் நடக்கின்றது. மிச்ர சாபு அறிந்தவர் கைவிரல் தானாகவே தாளம் போடும். நான்கையே எண்ணிப் பழகிய மேனாட்டு இளைஞருக்கோ அது காலிடறும் நடை. கூட்டத்தோடு கால்சேராத பிள்ளைக்கு அந்நடை பொருத்தமானதே.

கனடாவின் மற்றொரு குழுவான ‘சாகா’ 1981இல் வெளியிட்ட ‘வேள்ட்ஸ் அப்பாட்’ இன்னும் எளிதிற் செவிக்கு இனிக்கும். கிற்றாரும் மின்கட்டையும் ஒரே சொற்கட்டை ஒருங்கே விரைந்து வாசிக்கும் இடங்கள், தனியாவர்த்தனத்தில் இருவர் ஒன்றுபடும் கோர்வையை நினைவூட்டும். பழைய பெருங்குழுக்களின் வித்துவான் நால்வர் கூடி 1982இல் தந்த ‘ஏசியா’ அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது; பளபளப்பு மிகுதி, ஆழம் குறைவு என்பது எம் கருத்து. அதற்கு எதிர்முனையில், சதம்ரன் நகர இளைஞரான ‘ஐகியூ’ குழுவினர் 1983இல் வெளியிட்ட ‘ரேல்ஸ் புறொம் த லஷ் அற்றிக்’ நிற்கின்றது. ஒலிப்பதிவு மெலிந்தது, எனினும் அதன் முதல் உருப்படியான 20 நிமிடப் பாட்டில் மார்ட்டின் ஓபோட் என்பவரின் கட்டையிசை, பெருஞ்செலவிற் பதிந்த தட்டுகள் பலவற்றிற் கிட்டாத துணிவுடையது.

அக்காலத் தட்டுகளின் குறையையும் கூறிவிடுதல் முறை. டிஎக்ஸ் 7 கருவியுடன் வந்த ஆயத்த ஒலிகளையே பலரும் எடுத்தாண்டமையால், பத்துக் குழுக்களின் மணியோசை ஒரே மணியோசையாக ஒலிக்கும். முழவொலியும் சில தட்டுகளிற் பெரிய வெற்று மண்டபத்துள் அறைந்தாற் போலிருக்கும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சிறிது பழக்கம் வேண்டும்.

பிஷ் 1988இல் மரிலியனை விட்டு விலகினார். மறு ஆண்டு ஸ்ரீவ் ஹோகாத் பாடகரானார். புகழ் குறைந்தது, கேட்போர் அகலவில்லை. 1997இல் வட அமெரிக்காவுக்குச் செல்லக் குழுவினரிடம் பணமில்லை என அறிந்த இரசிகர் தாமே ஏறத்தாழ 60,000 டொலர் திரட்டிக் கொடுத்தனர். 2001இல், இன்னும் பதிவாகாத ஒரு தட்டுக்கு 12,000க்கும் மேற்பட்டோர் முன்பணம் அனுப்பினர். வானொலியில் ஒரு பாட்டைக் கேட்டு மறப்பவர் இதைச் செய்யார். ஒரு தட்டின் இரு பக்கங்களையும் இருந்து கேட்டவர்களே செய்வர்.

இன்று இவ்விசையெல்லாம் கைப்பேசியிலே கிடைக்கின்றது. பாட்டைத் தாண்டிச் செல்லும் பொத்தானும் உடன் கிடைக்கின்றது. புதிதாகக் கேட்கும் பிள்ளைகள் ‘சிக்னல்ஸ்’ தட்டிலிருந்து தொடங்கி, ‘வேள்ட்ஸ் அப்பாட்’ வழியாக மரிலியனை அடைவது எளிது. பாட்டின் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளல் நன்று. பிஷ்ஷின் ஆங்கிலம் அடர்த்தியானது. ‘மிஸ்பிளேஸ்ட் சைல்ட்ஹூட்’ கேட்கும்போது மட்டும் பாட்டுகளை வரிசை மாற்றாது, ‘ஹார்ட் ஒவ் லோதியன்’ என்ற ஐந்தாம் பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். தட்டைத் திருப்பிப்போட அக்காலத்தார் எழுந்த இடம் அதுவே.