செவி இரைச்சல்: தோற்றமும் கையாளும் வழிகளும்

ஆய்வுச்சுருக்கம்

வெளியில் ஒலி எதுவும் இல்லாத நிலையிலும் காதுக்குள் அல்லது தலைக்குள் ஓர் ஓசை கேட்பதைச் செவி இரைச்சல் என்பர். மருத்துவத்தில் இது டின்னிடஸ் எனப்படும். இது தனி நோயன்று. செவிப்புலத்தின் ஏதேனும் ஒரு நிலையில் ஏற்பட்ட மாற்றத்தின் அறிகுறியாகும். செவி இரைச்சல் தோன்றும் முறை, அதனைக் குறிக்கத் தமிழர் ஆளும் சொற்கள் நோயறிதலுக்கு உதவும் தன்மை, காது அடைப்புடன் அதற்குள்ள தொடர்பு, விசைத்தறி முதலிய தொழில்களில் அதன் இடம், அதனைத் தணிக்கும் முறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இரைச்சலின் அளவும் அது தரும் துன்பத்தின் அளவும் வேறுவேறு என்பதும், துன்பத்தைக் குறைக்க வழிகள் உள்ளன என்பதும் இதன் மையக் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: செவி இரைச்சல், காது அடைப்பு, ஒலிக்குறிப்புச் சொற்கள், கேள்திறன், விசைத்தறி, ஒலி மாசு.

முன்னுரை

கேட்டறிதலைக் கல்விக்கு இணையாகப் போற்றிய மரபு தமிழ் மரபு. திருக்குறள் ‘கேள்வி’ என்னும் 42ஆம் அதிகாரத்தைக் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து அமைத்திருப்பதே இதற்குச் சான்று. ஆயினும், செவியின் நலம் பற்றிய பேச்சு பொதுவாழ்வில் குறைவாகவே உள்ளது. கண் மங்கினால் உடனே மருத்துவரை நாடுவோர், காது இரைந்தால் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். உலக அளவில் வயதுவந்தோருள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் செவி இரைச்சலை உணர்கின்றனர் என்றும், அவர்களின் தொகை 74 கோடியைத் தாண்டும் என்றும் 2022இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களுள் 12 கோடிக்கு மேற்பட்டோருக்கு அது கடுமையான சிக்கலாக இருக்கிறது.

இரைச்சல் தோன்றும் முறை

வெளிச்செவி வழியே வரும் ஒலியலை செவிப்பறையை அதிரச்செய்கிறது. நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்குள்ள நத்தை வடிவ உறுப்பில் ஏறத்தாழ 3,500 உள் மயிரணுக்களும் 12,000 வெளி மயிரணுக்களும் உள்ளன. இவை அதிர்வை மின்குறிப்பாக மாற்றிச் செவி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. மனித உடலில் இம்மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

முதுமை, பேரொலி, சில மருந்துகள் ஆகியவற்றால் மயிரணுக்கள் சிதையும்போது, குறிப்பிட்ட அதிர்வெண்களுக்குரிய குறிப்புகள் மூளைக்குச் செல்வது குறைகிறது. அக்குறைவை ஈடுசெய்ய மூளை தன் உணர்திறனை உயர்த்திக்கொள்கிறது. அதனால் நரம்பணுக்களின் இயல்பான சலனமே ஒலியாக உணரப்படுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். துண்டிக்கப்பட்ட காலில் வலி தோன்றுவதாக உணரும் நிலையோடு இதனை ஒப்பிடுவர். செவி நரம்பை அறுவையால் துண்டித்த பின்னரும் பலருக்கு இரைச்சல் நீடித்தது, அது காதோடு மட்டும் நிற்பதன்று என்பதைப் புலப்படுத்தியது.

1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர் நடத்திய சோதனையில், கேள்திறன் குறையாத 80 பேர் ஒலி புகாத அறையில் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஓசையைக் கேட்டதாகக் கூறினர். முழு அமைதியில் மெல்லிய ஓசை கேட்பது மனித இயல்பே என்பதும், அவ்வோசை எப்போது துன்பமாகிறது என்பதே கேள்வி என்பதும் இதனால் விளங்கும்.

சொல்லும் நோயறிதலும்

செவி இரைச்சலை நோயாளர் ஒருவரே கேட்கிறார். பெரும்பாலும் பிறர் கேட்க இயலாது. எனவே அவர் சொல்லும் சொல்லே மருத்துவருக்கு முதல் சான்று. ஒலியைச் சொல்லில் வடிப்பதில் தமிழ் வளம் மிக்கது. தொல்காப்பிய உரியியல் இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றின் அடியாக உரிச்சொல் தோன்றுவதைக் கூறுகிறது. கம்பலை, சும்மை முதலியவற்றை அரவப் பொருளுக்கு உரியன எனத் தனியே வகுக்கிறது. இவ்வளம் இன்றைய பேச்சுவழக்கிலும் தொடர்கிறது.

‘கொய்யென்கிறது’, ‘சில்வண்டு கத்துவதுபோல் உள்ளது’ என்போரின் விவரிப்பு உயர் அதிர்வெண் ஒலியைக் காட்டும். முதுமையாலும் பேரொலியாலும் நேரும் உட்செவிச் சிதைவில் இது மிகுதி. ‘கும்மென்று இருக்கிறது’, ‘காது அடைத்துக்கொண்டது’ என்பன குறும்பித் தேக்கம், நடுச்செவி நீர் போன்ற தடைகளில் வரும் சொற்கள். தாழ்ந்த குரலில் முழங்கும் ஓசையோடு தலைச்சுற்றலும் கேள்திறனின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தால், 1861இல் புராஸ்பர் மெனியேர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் விளக்கிய நோய் கருதப்படும். ‘டிக் டிக்’ என்னும் ஓசை நடுச்செவித் தசை அல்லது அண்ணத் தசையின் துடிப்பால் வரலாம். ‘தும் தும்’ என நாடியோடு ஒத்து ஒலிப்பின், குருதிக்குழாய் சார்ந்த காரணம் தேடப்பட வேண்டும்.

சொல் மட்டுமே நோயை முடிவுசெய்யாது. ஆயினும் ‘இரைச்சல்’ என்னும் ஒரே சொல்லோடு நிறுத்தாமல் அதன் தன்மை, பக்கம், காலம் ஆகியவற்றைக் கேட்டறிந்தால் அடுத்த சோதனை எது என்பது தெளிவாகும்.

காது அடைப்பும் வீட்டு வழக்கங்களும்

இரைச்சலுக்கான காரணங்களுள் எளிதில் நீக்கத்தக்கது செவிக்குறும்பி. குறும்பி அழுக்கன்று, செவிக்குழாயின் தோலைக் காக்கும் இயற்கைப் பூச்சு. தாடை அசையும்போதும் தோல் வளரும்போதும் அது தானே வெளியேறுகிறது. பஞ்சுக்குச்சி, ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு முதலியவற்றால் குடையும்போது அது உள்நோக்கித் தள்ளப்பட்டு இறுகுகிறது. செவிப்பறை கிழியவும் கூடும்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் தமிழகத்தில் பரவலானது. பறையில் துளை உள்ளவருக்கு இது நடுச்செவியில் சீழ்பிடிக்க வழிசெய்யும். ஈரமும் வெப்பமும் மிக்க தட்பவெப்பத்தில் பூஞ்சைத் தொற்றுக்கும் இடமளிக்கும்; நமைச்சல், அடைப்பு, கரும்புள்ளி படிந்த கழிவு ஆகியன அதன் அடையாளங்கள். சூடு மிகுந்தால் தோல் வெந்துவிடும். இறுகிய குறும்பியை மருத்துவர் பரிந்துரைக்கும் சொட்டு மருந்தால் இளக்கி முறையாக அகற்றுவதே தகும்.

சளி பிடித்த காலத்தில் தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழல் வீங்குவதாலும் காது அடைக்கும். மலைப்பாதையிலும் வானூர்தியிலும் ஏற்படும் அடைப்பு எச்சில் விழுங்குவதாலும் கொட்டாவியாலும் நீங்குகிறது. தாடை மூட்டுக் கோளாறும் பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கமும் காதுவலியாகவும் இரைச்சலாகவும் வெளிப்படுவதுண்டு. காதில் குறை காணப்படாதபோது பல் மருத்துவரை நாடுவது இதனாலேயாகும்.

மருந்துகளாலும் இரைச்சல் தோன்றும். மிகு அளவில் ஆஸ்பிரின், குயினைன், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவற்றை உட்கொள்வோர் இரைச்சலை உணர்ந்தால் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

தொழிற்கூட ஒலி

சோமனூர், பல்லடம், குமாரபாளையம் முதலிய விசைத்தறிப் பகுதிகளில் பல தறிகள் ஒரே கூரையின்கீழ் இயங்குகின்றன. நாடா இருபுறமும் மோதும் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அங்கு இருவர் உரையாட வேண்டுமெனில் காதருகே கத்த வேண்டும், அல்லது கைச்சாடையும் உதட்டசைவும் துணைசெய்ய வேண்டும். ஓரடி தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தாலே அவ்விடத்து ஒலி செவிக்குத் தீங்கானது எனக் கொள்ளலாம்.

இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணிநேரப் பணிக்கு 90 டெசிபலை வரம்பாகக் கொள்கின்றன. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபலையே பரிந்துரைக்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்கிறது. அக்கணக்கின்படி 94 டெசிபலில் 1 மணிநேரமே பாதுகாப்பானது. ஆனால் விசைத்தறியில் 12 மணிநேரப் பணிமுறை அரிதன்று. வீட்டோடு ஒட்டிய தறிக்கூடமாயின் குழந்தைகளும் முதியோரும் அதே ஒலியில் வாழ்கின்றனர்.

பேரொலியின் சேதம் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் தோன்றுகிறது. பேச்சின் உயிரொலிகள் அதனினும் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுப்பெறுவதால் தொடக்கத்தில் குறை தெரிவதில்லை; மெய்யொலிகள், சிறப்பாகச் சகர உரசொலிகள், பின்னர் மங்குகின்றன. ‘குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை’ என்னும் முறையீடு இதன் விளைவு. பணி முடிந்து திரும்பும் இரவில் கேட்கும் இரைச்சல் பல வேளைகளில் முதல் எச்சரிக்கை. காதுச் செருகியும் காது மூடியும் விலை குறைந்தவை. ஆண்டுக்கொருமுறை கேள்திறன் சோதனையும் கடினமன்று. காதணி ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்தும் இளையோருக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணிநேரம் என்னும் வரம்பை உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது.

துன்பத்தைத் தணித்தல்

நோயாளரின் இரைச்சலை வெளியொலியோடு ஒப்பிட்டு அளந்தால், பெரும்பாலும் அது கேட்கும் எல்லைக்குச் சில டெசிபல்களே மேலாக இருக்கிறது. ஆயினும் ஒருவர் அதனை மறந்து வாழ்கிறார், மற்றொருவர் உறக்கமிழக்கிறார். இவ்வேறுபாட்டை 1990இல் ஜாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த நரம்பியல் விளக்கம் தெளிவுபடுத்தியது: மூளை ஓர் ஓசையை ஆபத்தின் குறியாகக் கொண்டால், அச்சம் கவனத்தைக் கூர்மையாக்கும்; கூர்ந்த கவனம் ஓசையைப் பெரிதாக்கும். இச்சுழற்சியை உடைப்பதே சிகிச்சையின் நோக்கம். 1996இல் உருவான 25 வினாக்கள் கொண்ட இடர்ப்பாட்டு அளவுகோலும் ஓசையை அன்றி வாழ்வில் அதன் தாக்கத்தையே அளக்கிறது.

கேள்திறன் குறைந்தோருக்குச் செவித்துணைக்கருவி முதன்மையான உதவி. வெளியொலி மூளைக்கு மீண்டும் எட்டும்போது உள்ளோசை பின்தள்ளப்படுகிறது. முழு அமைதியைத் தவிர்ப்பதும் பயன்தரும். மின்விசிறியின் ஒலி, மழையொலிப் பதிவு, மெல்லிய இசை ஆகியவற்றை இரைச்சலை மூழ்கடிக்கும் அளவிலன்றி அதற்குச் சற்றுக் கீழாக ஒலிக்கவிட வேண்டும். இரைச்சலுக்கு அஞ்சி அமைதியான இடத்திலும் காதை அடைத்துக்கொள்வது உணர்திறனை மேலும் கூட்டும்.

அறிதிறன் நடத்தைச் சிகிச்சை ஓசையை நீக்குவதில்லை. அதனால் வரும் துன்பத்தைக் குறைக்கிறது. 28 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான காக்ரேன் மீளாய்வு இதனை ஆதரிக்கிறது. மாறாக, ஜிங்கோ சாறு, துத்தநாக மாத்திரை முதலியன பயன்தருவதாக உறுதியான சான்று இல்லை. காபி, தேநீரை நிறுத்தினால் இரைச்சல் தீரும் என்பதும் அத்தகையதே. உறக்கம் கெடுமாயின் மாலையில் தவிர்க்கலாம்.

சில நிலைகளில் காலந்தாழ்த்துதல் கூடாது. ஒரு காதின் கேள்திறன் திடீரெனக் குறைந்தால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரு வாரங்களுக்குள், இயன்றவரை முதல் சில நாள்களிலேயே தொடங்கப்பட வேண்டும். ‘சளியால் அடைத்திருக்கும்’ எனக் காத்திருந்து கேள்திறனை நிலையாக இழப்போர் உள்ளனர். ஒரு பக்கம் மட்டும் நீடிக்கும் இரைச்சல், நாடியோடு ஒத்த ஓசை, தலைச்சுற்றல், முகத்தசைத் தளர்ச்சி, காதில் சீழ் அல்லது குருதி ஆகியனவும் உடனடி ஆய்வை வேண்டுவன. இரைச்சலோடு மனச்சோர்வோ வாழ்வில் வெறுப்போ தோன்றினால், 14416 என்னும் டெலிமானஸ் உதவி எண்ணில் தமிழிலேயே உளநல ஆலோசனை பெறலாம்.

முடிவுரை

செவி இரைச்சல் பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வதன்று. ஆனால் உறக்கத்தையும் உழைப்பையும் உறவையும் குலைக்கவல்லது. அதனை முற்றாக நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ‘இதற்கு மருந்தில்லை’ என்னும் கூற்று அவ்வளவில் உண்மை. ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ எனப் பொருள்கொள்ளப்படும்போது அது பிழையாகிறது. நீக்கத்தக்க காரணத்தை நீக்குதல், இழந்த கேள்திறனுக்குத் துணைக்கருவி அளித்தல், அச்சத்தைக் களைந்து மூளையைப் பழக்குதல் ஆகிய மூன்றும் நடைமுறையில் இயல்வன. இவற்றினும் எளிது வருமுன் காத்தல். தறிக்கூடத்தில் காதுச் செருகி அணிவதும், காதைக் குடையாதிருப்பதும், இரைச்சலைத் தெளிவான சொற்களில் உரிய காலத்தில் எடுத்துரைப்பதும் அதன் முதற்படிகள்.