ஆளுக்கு ஒன்றேகால் மணி. பட்டாசுக்கு ஒரு முழு ராத்திரி!

சிவகாசி மத்தாப்பு விமானம் ஏறாதது ஏன்?

விருதுநகர்:-

மதுரையில் விமானம் ஏறினால் சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். ஆகாய மார்க்கமாக சுமார் 420 கிலோ மீட்டர். பெல்ட்டைப் போட்டு ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் மீனம்பாக்கம் வந்து விடும்.

சிவகாசிக்காரருக்குக் கணக்கு வேறு!

ஊரில் விமான நிலையம் கிடையாது. காரில் விருதுநகர், திருமங்கலம் வழியாக மதுரை விமான நிலையம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்கிறார்கள். சென்னையில் இறங்கி, பெட்டியை எடுத்து, டாக்சி பிடித்து எழும்பூர் போக இன்னொரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரத்தை நெருங்குகிறது.

2023 செப்டம்பர் 24-ந் தேதி தொடங்கிய நெல்லை-சென்னை வந்தே பாரத் ரெயில் விருதுநகரில் நிற்கிறது. ஏறினால் ஏழு மணி நேரத்துக்குள் எழும்பூர். விமான டிக்கெட் விலையைக் கேட்டால், மிச்சமாகும் ஒரு மணி நேரம் மறந்தே போகும்.

பையில் என்ன?

இது ஆளுக்குச் சொன்ன கணக்கு. ஊருக்கு வந்தவர் கையில் ஒரு பட்டாசுப் பெட்டி இருந்தால் அத்தனையும் மாறி விடும்.

சரவெடி மட்டும் அல்ல. கம்பி மத்தாப்பு, பொட்டு வெடி, குழந்தைகள் கொளுத்தும் பாம்பு மாத்திரை எதுவும் விமானத்தில் ஏறக் கூடாது. கைப்பையிலும் கூடாது, லக்கேஜிலும் கூடாது. எக்ஸ்ரே மிஷினில் மாட்டினால் பெட்டி போச்சு. போலீஸ் விசாரணை வேறு. சிவகாசிக்குப் பெயர் வாங்கித் தந்த தீப்பெட்டிக்கும் இதே கதிதான். சிவகாசி காலண்டர் மட்டும் தாராளமாகப் பறக்கலாம்!

ஏன் இத்தனை கெடுபிடி? பட்டாசு மருந்தில் கலந்திருக்கும் வெடியுப்பு, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்து விடும். காற்றை அடைத்து அணைக்கப் பார்த்தாலும் அணையாது. நடுவானில் பற்றிக் கொண்டால் இறங்கி ஓட இடம் ஏது?

9 பேர் கருகிய பெட்டி

ரெயிலிலும் தடைதான். 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலரும் துணி மூட்டைக்குள் சொருகிக் கொண்டு போகத்தான் செய்கிறார்கள்.

2023 ஆகஸ்டு 26-ந் தேதி அதிகாலை. மதுரை ரெயில் நிலையம் அருகே நிறுத்தி இருந்த சுற்றுலாப் பெட்டி திகுதிகுவென எரிந்தது. உத்தரப்பிரதேசத்தில் இருந்து வந்த பயணிகள் 9 பேர் பலி. காரணம் பட்டாசு அல்ல, திருட்டுத்தனமாகக் கொண்டு வந்த கியாஸ் சிலிண்டர். ஆனால் மீறியது அதே சட்டத்தைத்தான்.

லாரிதான் வழி

சிவகாசி சரக்குக்கு ஒரே வழி, லைசென்சு உள்ள லாரி. சென்னைக்கு ரோட்டில் சுமார் 540 கிலோ மீட்டர். ராத்திரி முழுக்க ஓட வேண்டும். டெல்லி என்றால் பல நாள் ஓட்டம்.

ஆன்லைனில் ஆர்டர் போடலாம் என்றால் அதுவும் முடியாது. பட்டாசை இணையதளத்தில் விற்க 2018 அக்டோபர் 23-ந் தேதியே சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டு விட்டது. சென்னைவாசிகள் லாரியில் வந்து இறங்கிய சரக்கை அங்கேயே லைசென்சு கடையில் வாங்கிக் கொள்ள வேண்டியதுதான். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.