கிழங்குக் காட்டில் சுண்ணாம்பும் சூப்பரும்



"ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டை சூப்பர் போட்டாச்சு சார். செடி என்னவோ கரும்பச்சையா, குறுகிப்போய் நிக்குது." நீலகிரியில் கிழங்கு போடுகிறவர்கள் பலர் சொல்லும் குறை இது. இவ்வளவு உரமும் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. மண்ணில்தான் இருக்கிறது. காலங்காலமாகப் பெய்த மழை நம் மலை மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் நிற்பவை இரும்பும் அலுமினியமும். சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்தை இவை இரண்டும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கடன் வாங்கியவன் ஊரிலேதான் இருக்கிறான், பணம் மட்டும் கைக்கு வருவதில்லை என்பார்களே, அந்தக் கதைதான். மலைப் பகுதி உருளைக்கிழங்குக்கு எக்டருக்குத் தழைச்சத்து 120 கிலோ, சாம்பல் சத்து 120 கிலோ என்று சொல்லிவிட்டு, மணிச்சத்தை மட்டும் 240 கிலோ என்று பரிந்துரைப்பது இதனால்தான். 16 சதம் மணிச்சத்துள்ள சூப்பரில் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 600 கிலோ வரும்.

சரி, புளிப்பு மண்தானே, சுண்ணாம்பைக் கொட்டினால் தீர்ந்தது என்று நினைக்கலாம். பாதி உண்மை. கார அமில நிலை 7 என்றால் நடுநிலை. அதிலிருந்து ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது. 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கி, வேரைக் கட்டையாக்கிவிடும். சுண்ணாம்பு அந்த அலுமினியத்தை அடக்கும். மணிச்சத்தும் ஓரளவு விடுபடும்.

ஆனால் கிழங்குக்குச் சொறி நோய் என்று ஒன்று இருக்கிறது. மண் புளிப்பாக இருக்கும்வரை அந்தக் கிருமி அடங்கிக் கிடக்கும். சுண்ணாம்பு கூடினால் தலைதூக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம், விதைப்புக்கு முன்னால் தாராளமாகச் சுண்ணாம்பு போடச் சொன்னேன். செடி பிரமாதமாக வந்தது. தோண்டினால் கிழங்கு முழுக்கச் சொறி. மேட்டுப்பாளையம் மண்டியில் கழிவு விலைக்குத்தான் போனது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் சொல்லிவரும் முறை இது. சுண்ணாம்பைக் கிழங்குக்குப் போடாதீர்கள்; அதற்கு முந்தைய முட்டைக்கோசுக்கோ பீட்ரூட்டுக்கோ போடுங்கள். கோசின் வேர்முடிச்சு நோய்க்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், ஆகையால் அங்கே சுண்ணாம்பு இரட்டை லாபம். அடுத்து வரும் கிழங்குக்கு அதன் பலன் மட்டும் கிடைக்கும். கிழங்குக் காட்டில் 5.5 அளவில் நின்றால் போதும், 7-க்கு ஏற்ற வேண்டியதில்லை. டோலமைட் கிடைத்தால் இன்னும் நல்லது, மக்னீசியமும் சேர்ந்து வரும். கிழங்கு பிடிக்கும் சமயத்தில் மண் காயாமல் பார்த்துக்கொண்டால் சொறியும் குறையும்.

வேலை மிச்சம் என்று சுண்ணாம்பையும் சூப்பரையும் ஒன்றாகக் கலந்து வீசுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! கரையும் மணிச்சத்து கரையாததாக மாறிவிடும். அம்மோனியம் சல்பேட்டோடு கலந்தாலோ, தழைச்சத்து ஆவியாகி மூக்கில்தான் ஏறும்.

சூப்பரை வயல் முழுக்க வீசுவதும் வீண். மணிச்சத்து போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. சாலில், விதைக்கிழங்குக்குப் பக்கத்தில், அதன்மேல் படாமல், பட்டையாக இடுங்கள். மண்ணோடு உரசல் குறைந்தால் பிடிபடுவதும் குறையும். பாறை பாஸ்பேட் புளிப்பு மண்ணில் மெள்ளக் கரையும். தேயிலைக்குச் சரி, நாலு மாதக் கிழங்குக்கு அது காத்திராது.

இன்னொன்று. பத்து, இருபது வருஷமாகச் சூப்பர் போட்ட காட்டில் மணிச்சத்து சேர்ந்து கிடக்கலாம். அங்கே மேலும் கொட்டினால் காசும் போகும், துத்தநாகப் பற்றாக்குறையும் தலைகாட்டும். மண் சோதனைச் சீட்டில் 'அதிகம்' என்று வந்தால் அளவைக் குறைக்கத் தயங்காதீர்கள். சுண்ணாம்பு எவ்வளவு என்பதையும் அந்தச் சீட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் போட்ட அளவு உங்களுக்கு ஆகாது.

மாதிரி எடுக்கும்போது வரப்போரம், எருக்குழி, சுண்ணாம்பு மூட்டை அடுக்கிய இடம் இவற்றை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' போல வெட்டி, கலந்து, அரைக் கிலோ நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள்.