புதிதாகப் பொறுப்பேற்பவர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு

ஆரணியில் தறி நின்றால் அது முதலில் தெரிவது மளிகைக் கடையில்தான். கூலித் தகராறு என்றால் அந்த வாரமே கடன் நோட்டில் பக்கம் கூடிவிடும். மண்டியில் அரிசி மூட்டை நகராது. எனவே தகராறு நடக்கும் இடத்தில் தந்தைக்குப் பின் மகனோ, பழைய தலைவருக்குப் பின் புதியவரோ பொறுப்பேற்றால், அவர் முதலில் என்ன செய்கிறார் என்பது வணிகர்களாகிய நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயமே.

1918ல் அகமதாபாத் மில் தகராறு காந்தியடிகளிடம் வந்தது. பிளேக் நோய்க் காலத்தில் கொடுத்துவந்த போனஸை முதலாளிகள் நிறுத்தினார்கள். நெசவாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 என்றார்கள். முதலாளிகள் தரப்பில் முன்னின்ற அம்பாலால் சாராபாய் காந்தியடிகளுக்கு நண்பர். அவருடைய சகோதரி அனசூயாபென்னோ தொழிலாளர் பக்கம்! காந்தியடிகள் எடுத்தவுடன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. விலைவாசி, மில்களின் நிலை, பம்பாய்க் கூலி எல்லாம் விசாரித்து 35 சதவீதமே நியாயம் என்று முடிவு செய்தார். தம்மை நம்பி வந்தவர்களிடமே கோரிக்கையைக் குறைக்கச் சொன்னார். இதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

பிப்ரவரி 22ல் மில்கள் கதவடைத்தன. அடிதடி கூடாது, பிச்சை எடுக்கக் கூடாது என்று தொழிலாளர்கள் சபதம் செய்தார்கள். சபர்மதிக் கரையில் தினமும் கூட்டம் நடந்தது. அவர்கள் தளர்ந்தபோது மார்ச் 15ல் உண்ணாவிரதம் தொடங்கினார். அது முதலாளிகளை நெருக்குவதாகவும் ஆயிற்று என்பதை அவரே மறைக்கவில்லை. மூன்றாம் நாள் சமரசம் ஏற்பட்டது. பின்னர் நடுவர் ஆனந்தசங்கர் துருவா அளித்த தீர்ப்பும் 35 சதவீதமே.

1986ல் தந்தையின் மண்டி என் கைக்கு வந்தது. மூட்டை தூக்குபவர்கள் கூலி உயர்த்தக் கேட்டார்கள். இளவயது; கேட்ட மாத்திரத்தில் "முடியாது" என்றேன். மூன்று நாள் சரக்கு லாரியிலேயே கிடந்தது. பக்கத்து மண்டியில் மூட்டைக்குப் பத்து பைசா அதிகம் என்று கணக்குப்பிள்ளை சொன்ன பிறகே உறைத்தது. அன்று மாலையே கொடுத்தேன். லாரிக்காரருக்குக் கொடுத்த காத்திருப்புக் கூலியோ ஒரு மாத உயர்வைத் தாண்டிவிட்டது.

பட்டுத் தொழிலில் பொறுப்பேற்பவர் ஒரு சேலைக்கு எத்தனை நாள், கூட வேலை செய்பவருக்கு என்ன போகிறது, கூலி கடைசியாக எப்போது உயர்ந்தது என்று முதலில் கேட்கட்டும். நெசவாளர் வீட்டுச் செலவு தெரிய வேண்டுமானால், பெயரை மறைத்து நம் கடன் நோட்டின் பக்கங்களைக் காட்ட நாம் தயங்க வேண்டியதில்லை.